மயக்க மருந்தும் மாப்பிள்ளை வீடும்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த வருத்தமும் இருந்ததில்லை. நோயைத்தான் நாங்கள் வருத்தம் என்று சொல்வோம். அப்பாவுக்குச் சீனி இருந்தது, பெரியம்மாவுக்கு இழுப்பு இருந்தது, மாமா ஒருவருக்கு வலிப்புக்கூட இருந்தது. ஆனால் அக்காவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் இவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் சுகமாகிவிட்டது. அம்மாதான் சுகமாக்கினார். தரகர் கேட்டாலும் சரி, கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே யாராவது கேட்டாலும் சரி, "எங்கடை ஆக்களுக்குத் தடிமன் காய்ச்சலுக்கு மேலை ஒண்டும் வாறேல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அப்பா பாவம். தன்னுடைய சீனிக்கு விழுங்கும் குளிசையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்தால் சீனி போட்ட தேநீரையும் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இதை அம்மா ஒருத்தியின் குணம் என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் எல்லா வீடுகளிலும் இருந்த வழக்கம் அது. பெண்ணுக்குக் கலியாணம் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் உரக்க இருமக்கூடாது. சண்டைக்குப் பயந்து தலைநகரின் வெள்ளவத்தைக்கு ஓடி வந்தபோது வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு வந்தோம். இந்த வழக்கத்தை மட்டும் அலுங்காமல் கொண்டு வந்து சேர்த்துவிட்டோம்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு எங்களுடையது. அப்பா புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தார். பகல் முழுக்க வழக்குகளுக்குள் கிடப்பதால் வீட்டிலும் வாதி, பிரதிவாதி என்றுதான் கதைப்பார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்தேன். அக்காவுக்கு அமைதி வாய்த்தது, எனக்கு வாய் வாய்த்தது.

மாப்பிள்ளை கனடாவில் பொறியியலாளர். அவருடைய அம்மா விசாவுக்குக் காத்துக்கொண்டு எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். குறிப்புப் பொருந்திவிட்டது. படமும் பிடித்துவிட்டது. தொலைபேசியில் இருவரும் ஒருமுறை கதைத்தும் விட்டார்கள். கதைத்து முடித்து வந்து கொப்பி திருத்த உட்கார்ந்த அக்கா, தன்பாட்டில் சிரித்துக்கொண்டே பிழையான கணக்குகளுக்கும் சரி போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் மட்டன் றோல்ஸ் சாப்பிடும் நாட்களிலெல்லாம் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முறுக்கியது. அம்மா அதை வாய்வு என்றார், உள்ளிப்பூண்டு அவித்துத் தந்தார். நான் றோல்ஸையும் விடவில்லை, வலியும் என்னை விடவில்லை. கடைசியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், பையோடு சேர்த்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம் என்றார்.

அம்மா முதலில் கேட்டது வலிக்குமா என்றல்ல. "மாப்பிள்ளை வீட்டை என்ன சொல்லுறது?"

"கல்லுக் கிடக்கெண்டு சொல்லுங்கோ. ஒபரேஷன் எனக்குத்தானே, அக்காவுக்கில்லையே," என்றேன்.

"ஒருத்தியின்ரை வயித்திலை கல்லெண்டால் மற்றவளின்ரை வயித்திலை என்ன கிடக்கெண்டுதான் கேப்பினம். நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

ஆகவே வெள்ளவத்தைப் பக்கமே வேண்டாம் என்று முடிவானது. தெரிந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடமாக, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியைப் பிடித்தோம். நான் நுகேகொடையில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிக் கம்பியூட்டர் படிக்கிறேன் என்று மாடி முழுக்க அம்மா சொல்லி வைத்தார். கீழ் வீட்டுப் பெண்மணி என்னைப் படியில் மறித்து, தன் மகனுக்கும் அந்த வகுப்பில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று நானும் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம் எனக்கும் தொற்றத்தான் செய்தது.

ஆஸ்பத்திரியில் படுத்த அன்று பின்னேரம் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். முஸ்லிம் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். கட்டில் விளிம்பில் உரிமையோடு உட்கார்ந்துகொண்டார். கட்டிய பல் இருக்கிறதா, முன்பு ஏதாவது ஒபரேஷன் நடந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று என்னைக் கேட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"குடும்பத்துல ஆருக்காவது ஒபரேஷனுக்குப் பொறகு முழிக்கப் பிந்தினதா? மயக்க மருந்தால கஷ்டப்பட்ட ஆராவது இருக்காங்களா?"

"எங்கடை ஆக்களுக்குத் தடிமன் காய்ச்சலுக்கு மேலை ஒண்டும் வாறேல்லை டொக்டர்," என்றார் அம்மா.

டொக்டர் சிரித்தார். "எங்கட ஊட்டுலயும் இப்படித்தான். கலியாணம் பேசத் தொடங்கினா எல்லாரும் பயில்வான். எனக்கு உண்மையத்தான் சொல்லணும் சரியா?"

அம்மாவும் சிரித்தார். ஆனால் அவருடைய விரல்கள் என் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தவரையில் அம்மா அன்று சொன்ன பொய், அப்பாவின் சீனியையும் பெரியம்மாவின் இழுப்பையும் மறைத்தது மட்டும்தான். அவற்றுக்கும் என் பித்தப்பைக்கும் சம்பந்தமில்லை என்று நான் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பச்சைத் துணியால் போர்த்து, நடையில் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா பக்கத்தில் நடந்து வந்தார். ஒரு கையில் என் கண்ணாடி, மறு கையில் விபூதிப் பொட்டலம். அப்போது எதிரே படியேறி வந்தவரைக் கண்டு அம்மா அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா! கையில் ஒரு பால்மாப் பேணியும் ஒரு பை நிறையத் தோடம்பழமும்.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன்னால் அம்மா கோயிலுக்குப் போய், ஒபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்திருக்கிறார். ஐயரும் கணீரென்ற குரலில் அதைப் பிள்ளையாருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். பின் வரிசையில் கைகூப்பி நின்றவர் மாப்பிள்ளையின் அம்மா. ஊருக்கெல்லாம் ஒளிக்கத் தெரிந்த அம்மாவுக்குச் சாமிக்கு ஒளிக்கத் தெரியவில்லை. அம்மா ஐயரிடம் சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரியையும் நாளையும் அவரிடமே கேட்டறிந்து மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்.

"ஏனக்கா எங்களுக்குச் சொல்லேல்லை? நாங்கள் பிறத்தியே?" என்று அம்மாவைக் கேட்டார் அவர் செல்லக் கோபத்தோடு.

தள்ளுவண்டி அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தலை நிமிர்த்திப் பார்க்க ஏலாது. கூரையில் மின்விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தியேட்டர் கதவைத் திறந்து மயக்க மருந்து டொக்டர் எட்டிப் பார்த்ததும் எனக்குப் பின்னால் செருப்புகள் சடசடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது.

"டொக்டர்! நில்லுங்கோ டொக்டர்! என்ரை மூத்தவள் எழும்பேல்லை!"

நடை முழுக்க எதிரொலித்தது. "அப்பெண்டிக்ஸுக்கு வெட்டினவை. காலமை வெட்டினது, பின்னேரம் வரைக்கும் எழும்பேல்லை. மூச்சுமில்லை. யாழ்ப்பாணத்திலை. அவளுக்கு அப்ப பதின்மூண்டு வயசு. நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன் டொக்டர், இவளையும் அப்பிடிப் படுக்க வைச்சுப் போடாதேங்கோ!"

வண்டி நின்றது. அம்மா அதன் இரும்பைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார். மாப்பிள்ளையின் அம்மா நாலடி தள்ளித் தோடம்பழப் பையோடு நின்றார். அம்மா எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் என்று எனக்கு விளங்கியது. அப்போது வந்த அன்பை நான் அம்மாவிடம் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்லி வைக்கிறேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. "இப்ப சொன்னீங்களே, அது போதும்," என்று அம்மாவின் தோளைத் தட்டினார். என்னை வந்த வழியே திருப்பித் தள்ளச் சொன்னார். "மூத்த மகள நான் பார்க்கணும். இண்டைக்கே."

அக்கா பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். டொக்டரின் சின்ன அறையில் அம்மாவும் அக்காவும் நாற்காலிகளில் இருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றேன். அக்காவின் அப்பெண்டிக்ஸ் எனக்கும் ஞாபகம்தான். என்னைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அக்கா நல்லாய் நித்திரை கொண்டுவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"என்னையும் உள்ளுக்குக் கூப்பிட்டவை," என்றார் அம்மா. "டொக்டர் ஒருத்தர் ஒரு ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் குடுத்துக்கொண்டு நிண்டவர். கரண்டும் இல்லை. பின்னேரம் வரைக்கும் கை மாறி மாறி அமுக்கினவை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கோ எண்டவை. நானும் கூப்பிட்டனான். அவள் அசையேல்லை."

டொக்டர் அக்காவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்குக் கேட்டதா?"

அம்மா உடனே, "அது டொக்டர், அவளுக்கு ஏதோ கனவு..." என்று தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டது," என்றாள் அக்கா. "எல்லாம் கேட்டது. ஒரு நேர்ஸுக்குத் தையல்காரன் சட்டையைப் பழுதாக்கிப் போட்டான். கையைச் சின்னனா வைச்சுத் தைச்சுப்போட்டானாம். மற்றவ, இந்தப் பிள்ளை தப்பாது போல எண்டு சொன்னவ. கண்ணைத் திறக்கப் பாத்தனான், ஏலாமப் போட்டுது. விரலை ஆட்டப் பாத்தனான், அதுவும் ஏலேல்லை. வீட்டை வந்து சொன்னாப்போலை எல்லாரும் கனவெண்டு சொல்லிச்சினம். பிறகு நான் சொல்லுறதை விட்டிட்டன்."

"கனவில்ல," என்றார் டொக்டர். "நீங்க முழிச்சித்தான் இருந்தீங்க."

அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ இளகியது. பதினாலு வருஷமாகச் சரியான விடையை எழுதி வைத்துக்கொண்டு, திருத்துபவர் ஒருவர் வரட்டும் என்று காத்திருந்தவள் போல இருந்தாள்.

டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஒபரேஷனுக்கு முன்னால் தொண்டைக்குள் குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து போடுவார்கள். நாலைந்து நிமிடத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும். கரைக்கிற பொருளைச் செய்கிற மரபணு சில குடும்பங்களில் பழுதாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மருந்து மணித்தியாலக் கணக்கில் கரையாது. மயக்கம் தெளிந்துவிடும், ஆனால் மூச்சு விடவும் தசை அசையாது. பக்கத்தில் நிற்பவர் விடாமல் மூச்சுக் கொடுத்தால் ஆள் தப்பும். கொடுக்காவிட்டால் இல்லை.

"தாய்க்கிட்ட இருந்து ஒரு மரபணு, தகப்பன்கிட்ட இருந்து ஒண்டு. ரெண்டுமே பழுதா இருந்தாத்தான் இப்படி வரும். அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தப் பார்த்தாத் தெரியும். அதுக்குப் பொறகு எந்த மருந்து, எவ்வளவு எண்டு நான் முடிவெடுப்பன். தெரியாம நான் கை வைக்க மாட்டன். உங்கட கல் எங்கயும் ஓடிப் போகாது."

நான்கு பேருடைய ரத்தமும் வேண்டும் என்றார். அடுத்த நாள் அப்பாவும் வந்தார். நான்கு குழாய்களிலும் ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்கில் வைத்து, நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருந்த ஆய்வுகூடம் ஒன்றில் மத்தியானத்துக்கு முன் கொடுத்துவிடச் சொன்னார்கள். அப்பாவும் நானும் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். மருதானைக்குக் கிட்ட இராணுவத்தினர் மறித்தார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய் பிளாஸ்கைச் சுட்டிக்காட்டினான்.

"மே மொனவத?" இது என்ன?

"லே, மஹத்தயா," என்றார் அப்பா. ரத்தம்.

சிப்பாயின் முகம் மாறியது. "காகெத?" யாருடையது?

அப்பா நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "அபே பவுலே ஒக்கொமலாகே." எங்கள் குடும்பத்தில் எல்லோருடையதும்.

சிப்பாய் ஓரடி பின்னால் போய் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். பிறகு, மூடியைத் திறக்கச் சொல்லாமலே, "யன்ன, யன்ன," என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டான். ஆட்டோக்காரர் சந்தி தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒரேயடியாகச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு செக்பொயின்ற்றைத் தாண்டிச் சிரித்துக்கொண்டு போனது எனக்கு அது ஒருதரம்தான்.

முடிவு வரச் சில கிழமைகள், ஏறக்குறைய ஒரு மாதம், ஆகின. அவ்வளவு நாளும் எனக்கு அவித்த மரக்கறியும் பால் விடாத சொதியும்தான். வீட்டில் வழக்கு விசாரணை நடந்தது. பழுதான மரபணு எந்தப் பக்கத்தால் வந்தது என்பதே கேள்வி.

"உம்மடை தகப்பன் வழியிலை எல்லாரும் காலமை பத்து மணி வரைக்கும் நித்திரை கொள்ளுற ஆக்கள். அங்கையிருந்துதான் வந்திருக்கும்," என்றார் அப்பா.

"உங்கடை அம்மா கோயில் தேரண்டைக்கே எழும்பப் பிந்தினவ, தெரியுமோ? என்னைக் கதைக்க வையாதேங்கோ," என்றார் அம்மா.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா கட்டியது தன்னுடைய தாய்மாமன் மகளைத்தான். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். இருவரும் ஒரே வீட்டு ஆட்களைத்தான் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா இதைச் சுட்டிக்காட்டினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முடிவு வந்தது. அப்பாவுக்கு ஒன்று பழுது, அம்மாவுக்கு ஒன்று பழுது. அக்காவுக்கு இரண்டும். எனக்கும் இரண்டும். அன்று காலை அம்மா ஓடி வராமல் இருந்திருந்தால், அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நானும் அசைய ஏலாமல் கிடந்திருப்பேன். தையல்காரன் கதையைக் கேட்கவாவது உயிரோடு இருந்திருப்பேனோ தெரியாது.

"இரண்டு தரப்புக்கும் சம பொறுப்பு," என்று அப்பா தீர்ப்பு வாசித்தார். "பூட்டன் வீட்டுச் சொத்து." பூட்டன் விட்டுப்போன காணியும் கிணறும் அப்போது பாதுகாப்பு வலயத்துக்குள் போய் முட்கம்பிக்குப் பின்னால் கிடந்தன. ஒருவராலும் பறிக்க முடியாமல் எங்களோடு வெள்ளவத்தைவரைக்கும் வந்த முதுசம் இது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அதுவரை ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசி மணி அடித்தால் அக்கா கொப்பியிலிருந்து தலை தூக்கிப் பார்ப்பாள், பிறகு குனிந்துகொள்வாள். அவள் சரிகளைச் சரியான இடத்தில் மட்டும் போடத் தொடங்கியிருந்தாள். அது எனக்கு வயிற்றுக் கல்லைவிட வலித்தது. அம்மா இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். முன்னறிவித்தல் இல்லை. அப்பா பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா தேநீர் போட எழும்பினார்.

"சீனி போடாதேங்கோ அக்கா," என்றார் அவர். "எனக்குச் சீனி வருத்தம்."

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை மாதமாக எங்கள் வீட்டில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்த மனுஷி.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அப்ப எனக்கும் போடவேண்டாம்."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. அவருடைய தங்கைக்குத் தைரொயிட், எங்கள் பெரியம்மாவுக்கு இழுப்பு. மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் மூக்கால் ரத்தம், எங்கள் மாமாவுக்கு வலிப்பு. இரண்டு தாய்மாரும் சீனியில்லாத தேநீரை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வருத்தமாக எடுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம்தான் கொஞ்சம் கூட என்று அம்மாவுக்குக் கடைசியில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தினார். "என்ரை மனுசன்ரை தம்பி ஒருத்தர். குடலிறக்கத்துக்கு ஒபரேஷன். கத்தி வைக்க முதலே செத்துப்போட்டார். இருபத்தாறு வயசு. இதயம் நிண்டிட்டுது எண்டு சொன்னவை. அண்டைக்கு நீங்கள் கத்தினதைக் கேட்ட நேரந்தொட்டு எனக்கு அந்தப் பெடியன்ரை நினைப்புத்தான். ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு மாமி தடுத்துப் போட்டா. நாங்களும் சொல்லேல்லை. என்ரை பிள்ளையையும் சோதிக்கவேணும் அக்கா. அந்த டொக்டரிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

"இவ்வளவு நாளும் வராமல் விட்டது அதுக்கோ?" என்றார் அம்மா.

"என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியாமல் இருந்தனான்."

மாப்பிள்ளை கனடாவில் ரத்தம் கொடுத்தார். அவருக்கு இரண்டும் நல்லது. அந்தச் சித்தப்பாவின் சாவுக்கு இதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா டொக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அக்காவின் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். இப்போது அக்காவின் மகள் ரொறன்ரோவில் ஒரு குழாய்க்குள் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, எந்தக் குளிசை தனக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று கைப்பேசியில் பார்க்கிறாள். எங்களுக்கு அதற்கு ஒரு பிளாஸ்க் ஐஸும் ஒரு செக்பொயின்ற்றும் தேவைப்பட்டன.

கலியாணத்துக்கு முன்னால் என் ஒபரேஷனை முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். இந்தமுறை ஒளிப்பு மறைப்பு இல்லை. கீழ் வீட்டுப் பெண்மணிகூடக் கம்பியூட்டர் வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் தோடம்பழத்தோடு வந்தார். தள்ளுவண்டியில் போகும்போது டொக்டர் குனிந்து, "உங்களுக்கு வேற மருந்து, வேற அளவு. எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கன்," என்றார். அம்மா தியேட்டர் கதவுவரை வந்தார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். அக்கா கிடந்த அந்தப் பின்னேரத்தை நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது தொண்டை வறண்டிருந்தது, வயிறு வலித்தது. விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. ஒரு தரம் போதாமல் பத்து விரலையும் ஆட்டினேன். அம்மாவின் முகம் மேலே தெரிந்தது. அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள்.

"உனக்கு ஏதும் கேட்டதோ?" என்றார் அம்மா. அதுதான் முதல் கேள்வி.

"இல்லையம்மா. ஒண்டுமே கேக்கேல்லை."

அம்மா பெருமூச்சு விட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை கிழமையும் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை, பின்னால் நின்ற அக்காவைத் திரும்பிப் பாராமலே கேட்டார்.

"அப்ப பிள்ளை... அண்டைக்கு நான் கதைச்சதும் உனக்குக் கேட்டதோ?"

"ஓம்," என்றாள் அக்கா. "எழும்பாட்டால் உன்ரை பங்குக் கொழுக்கட்டை முழுக்கத் தங்கச்சிக்குத்தான் எண்டு வெருட்டினீங்கள்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டை வந்து பாத்தால் உண்மையாவே குடுத்துப் போட்டீங்கள்."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. எனக்கும் சிரிக்க வேண்டும் போல இருந்தது, தையல் விடவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஒபரேஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்று தான் தனியாகக் கதைத்துக்கொண்டிருந்ததாகவே அம்மா நினைத்திருந்தார்.

"பயந்து போனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"நீங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை பயமில்லை," என்றாள் அக்கா. "உங்களை வெளியிலை போகச் சொன்னாப் பிறகுதான்."

அம்மா அக்காவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பார்க்க வருபவர்களுக்கான நேரம் முடிந்து மணி அடித்தது. நேர்ஸ் இரண்டு தரம் வந்து சொல்லிப் பார்த்தார். அம்மா எழும்பவில்லை. இருட்டும்வரை எங்கள் இரண்டு பேரோடும் கதைத்துக்கொண்டே இருந்தார்.